பத்து நிமிடம் ஊற வைக்கவும்

புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது:
நுரை தோலில் பத்து நிமிடம் ஊறட்டும்.
முன்னதாக அலசினால் மருந்து வீண்.

பதினாலு வயது நாயை
ஈரத்தோடு பத்து நிமிடம் நிறுத்தி வைக்க
இரண்டு கை போதாது.
அதனால்தான் திங்களும் வியாழனும் ஸ்லாவ்கோ வருகிறான்,
நாலு வருடம் முன்பு இந்த வீட்டிலிருந்து
பெட்டியும் ரேடியோவுமாய்ப் போனவன்.
விருந்தாளி மாதிரி கதவைத் தட்டுகிறான்.
புன்டா அரேனாஸ் காற்றில்
யார் தட்டினாலும் தகரம் தட்டுவது போலத்தான் கேட்கும்.
திசோனுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

திசோன் என்றால் கொள்ளிக்கட்டை.
ஒரு பார்வையில் முந்நூறு ஆட்டைத் திருப்பிய
கறுப்பு நெருப்பு.
இப்போது வாலில் மயிர் இல்லை.
வயிற்றுத் தோல் கடற்சிங்கத்துடையது போலத் தடித்துவிட்டது.
முழங்கையில் காய்ப்பு.
காதை மடித்தால் புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்த வாடை.
பக்கத்து வீட்டுக்காரி கோழி இறைச்சியை நிறுத்தச் சொன்னாள்.
நிறுத்தினேன்.
வினிகர் தடவச் சொன்னாள்.
தடவினேன், நாய் ஒரு நாள் முழுக்க என்னிடம் வரவில்லை.
ஸ்லாவ்கோ தன் மாமா வைத்தியம் என்று
லாரியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை
ஜாம் புட்டியில் கொண்டுவந்தான்.
புட்டியோடு வெளியே அனுப்பினேன்.

கடைசியில் டாக்டர் ஒரியெத்தா ரத்தம் எடுத்தாள்.
"கழுத்துச் சுரப்பி தூங்குகிறது, தோலில் குற்றமில்லை" என்றாள்.
நான் மூன்று மாதமாய்
மெத்தையை, சோப்பை, விறகுப் புகையை,
ஒரு ராத்திரி ஸ்லாவ்கோவைக்கூட
குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
காலையும் மாலையும் மாத்திரை, சீஸுக்குள் ஒளித்து.
சீஸ் போய்விடும். மாத்திரை
சோபாவுக்கு அடியில் கிடைக்கும்.

முதல் நிமிடம் அது நடுங்கும்.
இரண்டாவதில் தொட்டியைத் தாண்டப் பார்க்கும்.
ஸ்லாவ்கோ அதன் மார்புக்குக் கீழே கை கொடுத்து
பண்ணைக் குரலில் ஏதோ முணுமுணுப்பான்,
என்னிடம் ஒருபோதும் பேசாத குரல்.
நாலாவது நிமிடம் படகு ரத்தான கதை.
ஐந்தாவது, யார் செத்தார்கள்.
அப்புறம் பேச்சு தீர்ந்துவிடும்,
முட்டை வடிவ மணிக்கடிகாரம் மட்டும்
கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு வியாழன், ஏழாவது நிமிடத்தில்,
அவன் முன்கையைப் பார்த்தேன்.
சிவந்து, செதில் செதிலாய், ஓரிடத்தில் கீறி ரத்தம் காய்ந்து.
"எத்தனை நாளாய்?"
"குளிர்" என்றான்.
சட்டைக் கையை இழுத்துவிட அவனுக்குக் கை இல்லை.
இரண்டும் நாயைப் பிடித்திருந்தன.
என் கையிலோ முழங்கை வரை நுரை.
மணி அடிக்கும்வரை
அந்தத் தோலை நான் பார்ப்பதை
அவன் பார்க்காதது போல நின்றான்.

மூன்று முறை அலசு. துடைக்காதே, ஒற்று.
காது மடலுக்குள் பஞ்சு.
திசோன் உதறியதில் இருவருமே நனைந்தோம்.
அவன் சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இளவேனில் வந்தது, அதாவது காற்று கூடியது.
முதுகில் பூனைமுடி போல மெல்லிய கறுப்பு துளிர்த்தது.
ராத்திரி பின்னங்கால் பலகைத் தரையை அடிக்கும் சத்தம்
இருபதிலிருந்து ஆறாய்க் குறைந்தது, நான் எண்ணுவேன்.
"இனி வாரத்துக்கு ஒரு குளியல் போதும்,
அதிகமானால் தோல் வறண்டுவிடும்" என்றாள் ஒரியெத்தா.

ஒன்பது நாள் அதை அவனிடம் சொல்லவில்லை.
பிறகு வயிற்றில் வெள்ளைப் பொருக்கு பார்த்து
வெட்கப்பட்டுச் சொன்னேன்:
"திங்கள்கிழமை வர வேண்டாம்."
"நல்லது" என்றான்.
தலையை ஆட்டினான்.
பூட்ஸ் கயிற்றைக் கட்ட வெகு நேரம் ஆயிற்று.

திங்கள், நாலு மணி. தகரம்.
இல்லை, கதவு.
"நகம் வெட்ட வேண்டாமா?" என்றான் ஸ்லாவ்கோ,
வெறுங்கையோடு.
வெட்டுக்கத்தி என் அலமாரியில்தான் இருக்கும்
என்பது அவனுக்குத் தெரியும்.

திசோன் டக்டக்கென்று வந்து அவனை முகர்ந்தது.
குளியலறைக் கதவை ஒரு தரம் பார்த்தது.
என்னை ஒரு தரம் பார்த்தது.
மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது,
வால் மட்டும் வெளியே.